மெலிந்த தீயும் ஒளிந்திருந்த சாம்பலும்: ஐந்து குளிர்காலம் கண்ட எங்கள் பெல்லட் அடுப்பைப் பற்றி

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளான பெல்லட்டை எரித்து வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது; அது ஐந்து குளிர்காலங்களைக் கடந்துவிட்டது. வாங்கிய முதல் வாரத்திலேயே இதைப் பற்றி எழுதியிருந்தால், சூடு நன்றாக வருகிறது, சத்தம் குறைவு, பார்க்க அழகாக இருக்கிறது என்ற மூன்று வாக்கியங்களோடு முடித்திருப்பேன். அதன் உண்மையான குணம் மூன்றாவது குளிர்காலத்தில்தான் தெரியவந்தது. அந்த ஆண்டு தீ மெலியத் தொடங்கியது. காரணத்தைத் தேடி அடுப்பின் ஒவ்வொரு மூலையையும் திறந்து பார்க்க நேர்ந்தபோதுதான், இதை வடிவமைத்தவர்கள் எதை அக்கறையோடு செய்திருக்கிறார்கள், எதைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது புரிந்தது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. சொல்லப்போகும் நிறையும் குறையும், மேலிருந்து பெல்லட் விழும் வகையைச் சேர்ந்த பல அடுப்புகளுக்குப் பொருந்தும் என்பதால், பெயர் இல்லாமலேயே இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

அடுப்பு வேலை செய்யும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் இதைச் சார்ந்தது. அடுப்பின் பின்பகுதியில், மேலே ஒரு தொட்டி இருக்கிறது. பெல்லட் அதில் 15 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்று மேலாகவே கொள்ளும். தொட்டியின் அடியில் ஆகர் எனப்படும் திருகுத் தண்டு, ஒரு சிறு மோட்டாரின் உதவியால் சில விநாடி சுழன்றும் சில விநாடி நின்றும், பெல்லட்டுகளை மேலேற்றி, ஒரு சரிவுக் குழாய் வழியாக எரிகிண்ணத்தில் கொட்டுகிறது. எரிகிண்ணம் என்பது கை அடங்கும் அளவிலான வார்ப்பிரும்புப் பாத்திரம். அதன் அடியிலும் பக்கங்களிலும் வரிசையாகத் துளைகள் உள்ளன. இக்னைட்டர் என்னும் சூடேறும் கம்பி முதல் பெல்லட்டுகளைப் பற்றவைத்துவிட்டு ஓய்ந்துவிடும். விசிறிகள் இரண்டு. ஒன்று அறைக் காற்றை வெப்பக் குழாய்களின் மேல் ஓட்டி நம் பக்கம் அனுப்புகிறது. மற்றொன்று புகையை இழுத்து வெளியே தள்ளுகிறது. தீயின் உயிர் இந்த இரண்டாவது விசிறியிடம் இருக்கிறது. அது புகையை இழுப்பதால் அடுப்புக்குள் காற்றழுத்தம் அறையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பப் புதுக்காற்று உள்ளே பாய்ந்து, கிண்ணத்தின் துளைகள் வழியாகப் பெல்லட்டுகளுக்கிடையே புகுந்து அவற்றை எரியவைக்கிறது. ஆகவே காற்று நுழையும் வாயிலிருந்து புகைக்குழாயின் வெளிமுனை வரை எங்கே அடைப்பு ஏற்பட்டாலும், கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு வேறு இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்தாலும், தீதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் எங்கள் அடுப்பின் தீ எப்படி இருந்தது என்பது இன்றும் கண்ணில் நிற்கிறது. வெளிர் மஞ்சளாக, அடியில் வெண்மையாக, ஒரு சாண் உயரத்தில் துடிப்போடு நிமிர்ந்து நிற்கும். கிண்ணத்தில் விழும் ஒவ்வொரு பெல்லட்டும் ஓரிரு முறை துள்ளிவிட்டு உடனே பிடித்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டின் நடுவில் அந்தத் துடிப்பு போய்விட்டது. தீ செம்மஞ்சளாக மாறியது. நுனி கறுத்து, காற்றில் ஆடும் துணியைப்போல் மெதுவாக அசைந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்த கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துப்போனது. கிண்ணத்தில் எரியாத பெல்லட்டுகள் மேட்டைப்போல் குவிந்தன. சாம்பல் தட்டில் விழுந்தவை பாதி கரியாகவே கிடந்தன. என் மனைவிதான் இதை முதலில் கவனித்தார். “தீ எரிகிற மாதிரியே தெரியவில்லை, மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது” என்றார். அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை. பின்னர் பார்த்தால், நடந்ததை அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

மெலிந்த தீயில் இரண்டு வகை உண்டு. இதை அறியாமல் எந்த வேலையைத் தொடங்கினாலும் அது வீண். ஒன்று, உருவம் சிறியதாக இருந்தாலும் வெளிச்சமாகவும் சுறுசுறுப்பாகவும் எரியும் தீ. கிண்ணம் ஏறக்குறைய காலியாக இருக்கும், கண்ணாடி சுத்தமாக இருக்கும், சில வேளை தீ தானாகவே அணைந்தும்விடும். இது எரிபொருள் போதவில்லை என்பதன் அடையாளம். மற்றொன்று நான் மேலே சொன்ன சோம்பல் தீ. கிண்ணம் நிறைந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், கண்ணாடியில் கரி படியும். இங்கே எரிபொருளுக்குக் குறைவில்லை, காற்றுக்குத்தான் குறைவு. இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது. முதல் வகைக்குப் பெல்லட் வரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது வகையில் அதையே செய்தால் நிலைமை மோசமாகும். எங்கள் அடுப்போடு வந்த கையேடு இந்த வேறுபாட்டை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. “தீ பலவீனமாக இருந்தால் அடுப்பைச் சுத்தம் செய்யவும்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வெப்ப நிலைகளை மாற்றுவது பற்றிப் பல பக்கங்களை எழுதியவர்கள், நல்ல தீயும் கெட்ட தீயும் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு படங்களாவது போட்டிருக்க வேண்டும்.

அந்த வழிகாட்டல் இல்லாததால் நான் செய்த முதல் தவறு, வெப்ப நிலையை இரண்டிலிருந்து நான்குக்கு ஏற்றியது. தீ சிறியதாக இருக்கிறது, ஆகவே விறகு போதவில்லை என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஒரு கிலோ மரம் முழுமையாக எரிவதற்குக் கணக்குப்படி ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். அது சுமார் 5 கன மீட்டர். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே தேவைப்படும். ஒரு 15 கிலோ மூட்டையை எரித்து முடிக்க, குறைந்தது 75 கன மீட்டர் காற்று அந்தச் சிறு துளைகள் வழியாகச் செல்ல வேண்டும். ஒரு பெரிய அறையின் காற்று முழுவதும் அதில் அடங்கிவிடும். துளைகள் பாதி அடைந்திருக்கும் நிலையில் நான் மேலும் மேலும் பெல்லட்டைக் கொட்டியதால், கிண்ணம் வழிந்து, தீ அடியிலேயே புகைந்தது. இது வெறும் வீண் செலவு மட்டுமில்லை. அப்படிக் குவிந்து புகையும் பெல்லட்டுகளிலிருந்து எரியாத வாயு அடுப்புக்குள் நிரம்பும். பிறகு தீ திடீரெனப் பிடிக்கும்போது கதவு அதிரும்படி குப்பென்று வெடிக்கும். ஒருமுறை எங்கள் வீட்டில் அது நடந்தது. கண்ணாடி உடையவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று இரவு அடுப்பை மீண்டும் மூட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் சேவை மையத்தை அழைத்தோம். வந்தவர் இனிமையாகப் பேசினார். கண்ணாடியைத் துடைத்தார், கிண்ணத்தைச் சுரண்டினார், கட்டுப்பாட்டுப் பலகையில் பெல்லட் வரத்தைக் குறைத்தார், அரை மணி நேரத்தில் புறப்பட்டார். மூன்று நாள் தீ நன்றாக இருந்தது. நான்காம் நாள் பழையபடி ஆயிற்று. மீண்டும் அழைத்தபோது மின்பலகையையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். அந்த நிறுவனத்தின் மீது எனக்கு வருத்தம் உண்டு. அவர் செய்த எதுவும் தவறில்லை. ஆனால் முன்கதவைத் தவிர வேறு எதையும் அவர் திறக்கவே இல்லை. கிண்ணத்தைச் சுரண்டியதால் மூன்று நாள் சரியாக இருந்தது என்றாலே, குறை மின்சாரத்தில் இல்லை, காற்று போகும் வழியில் இருக்கிறது என்று அடுப்பே சொல்லிவிட்டதாகத்தான் பொருள். மின்பலகைக்குச் சம்மதிக்காமல், நாங்களே பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

ஒரு சனிக்கிழமை அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தோம். ஆறுவதற்குப் பல மணி நேரம் விடுவது நல்லது. சாம்பலுக்குள் கனல் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும், அது தூசு உறிஞ்சும் கருவிக்குள் போனால் வடிகட்டி பற்றிக்கொள்ளும். சாம்பலுக்கென்றே செய்யப்பட்ட, உலோக உடலும் நுண் வடிகட்டியும் கொண்ட கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண வீட்டுக் கருவியில் அந்த மாவுபோன்ற சாம்பல் வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பறந்துவிடும்.

முதலில் எரிகிண்ணத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மேலே சுரண்டிய இடம் பளபளவென்று இருந்தது. ஆனால் அடித்தளத்தில் இருந்த துளைகளில் பாதிக்குமேல் வெளிச்சம் வரவில்லை. பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் உருகி இறுகிய சிட்டம் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பெல்லட்டில் மணலோ மரப்பட்டையோ கலந்திருந்தால் அதன் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகி இப்படிக் கட்டியாகும். கரண்டியால் மேலே சுரண்டுவதால் இது போகாது. துளையின் அளவுக்கே பொருந்தும் ஒரு துளைப்பான் அலகைக் கையில் பிடித்து, மோட்டாரில் மாட்டாமல் விரலால் திருகித் திருகி ஒவ்வொரு துளையையும் திறந்தேன். துளை பெரிதாகிவிடக் கூடாது என்பதால்தான் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. கிண்ணம் உட்காரும் விளிம்பையும் துடைத்தேன். அங்கே ஒரு பெல்லட் துண்டு கிடந்தாலும் கிண்ணம் சாய்ந்து, காற்று துளைக்குள் போகாமல் விளிம்புக்கு அடியில் நழுவிவிடும்.

அடுத்தது கதவு. கதவின் ஓரத்தில் காற்று கசியாமல் இடுக்கை அடைக்கும், கண்ணாடி இழையால் முறுக்கிய கயிற்று கேஸ்கெட் ஓடுகிறது. நாளடைவில் அது தட்டையாகி இறுகிவிடும். ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி, தாழிட்டு, இழுத்துப் பார்ப்பது இதற்கான எளிய சோதனை. தாள் பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று கசிகிறது. மேல் விளிம்பிலும் தாழ்ப்பாள் பக்கத்திலும் தாள் கிழியும் அளவுக்குப் பிடித்தது. கீழே, கீல் பக்க மூலையில், ஒரு விரல் நீள இடத்தில் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்தது. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். அந்த மூலை திறந்திருக்கும்போது விசிறியின் இழுப்பில் ஒரு பங்கு அதன் வழியாகவே கழிந்துவிடும். பெல்லட்டுகளுக்குக் கீழிருந்து வர வேண்டிய காற்று அந்த அளவுக்குக் குறையும். பழைய கயிற்றை உரித்து, பள்ளத்தைச் சுரண்டி, அதே தடிமனுள்ள புதிய கயிற்றை உயர்வெப்பப் பசையில் ஒட்டினோம். கயிற்றை இழுத்து ஒட்டக் கூடாது, இழுத்தால் மெலிந்துவிடும். தளர்வாகப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சாம்பல் தட்டுக்குத் தனிக் கதவு இருக்கும் அடுப்புகளில் அதற்கும் இதே சோதனை தேவை. அங்குள்ள கேஸ்கெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் தீ பாதி தேறியது, முழுதும் தேறவில்லை. கிண்ணத்துக்குள் நுழையும் வழியைச் சரிசெய்துவிட்டோம். புகை வெளியேறும் வழியைத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தீக்கூடத்தின் பின்சுவராக ஒரு வார்ப்பிரும்புத் தகடு செங்கல் வடிவத்தில் அழகாக நிற்கிறது. அது வெறும் அலங்காரம் என்றே மூன்றாண்டுகளாக நினைத்திருந்தோம். மேலே உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தகட்டை முன்னால் சாய்த்தவுடன், பின்னாலிருந்து சாம்பல் மடமடவென்று சரிந்து விழுந்தது. வெளிர் சாம்பல் நிறம், கோதுமை மாவின் மென்மை. கையை வைத்தால் மணிக்கட்டு வரை அமிழ்ந்தது. புகை விசிறியை நோக்கிப் போகும் இரண்டு பக்க வழிகளில் ஒன்று கூரை வரை அடைந்திருந்தது. மற்றொன்றில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இடைவெளி மிஞ்சியிருந்தது. மூன்று குளிர்காலச் சாம்பல், ஒரு சிறு வாளி நிறைய. இத்தனை நாளும் அடுப்பு அந்த இரண்டு விரல் இடைவெளியால்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பக்கச் சுவர்களை ரப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்ட, உள்ளே ஒட்டியிருந்த சாம்பல் மேலும் மேலும் உதிர்ந்தது. ஓசை மந்தமாக இருந்த இடங்கள் கணீரென்று மாறும் வரை தட்டினோம்.

என் மதிப்பீட்டில் இந்த அடுப்பின் மிகப் பெரிய குறை இதுதான். சாம்பல் அதிகம் சேரும் இடத்தை ஓர் அலங்காரத் தகட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, அதன் திருகாணிகளை மேல் தடுப்புத் தகட்டின் நிழலில் வைத்து, கையேட்டில் “ஆண்டுப் பராமரிப்பை வல்லுநர் செய்வார்” என்று எழுதிவிட்டார்கள். வல்லுநர் அதைத் திறக்காமல் போனால் வீட்டுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. பக்கவாட்டில் கையால் திறக்கும் இரண்டு சிறு கதவுகளை வைத்திருந்தால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அத்தகைய கதவுகளோடு வரும் அடுப்புகளும் விற்பனையில் இருக்கின்றன. மறுபக்கம், புகை விசிறியைப் பொருத்தியிருக்கும் விதத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆறு திருகாணிகளைக் கழற்றினால் மோட்டாரும் இறக்கைகளும் ஒன்றாக வெளியே வந்துவிடுகின்றன. உறையை அசைக்க வேண்டியதில்லை. இறக்கைகளின் குழிவில் சாம்பலும் கரியும் சேர்ந்து விரல் நகத் தடிமனுக்குப் படிந்திருந்தன. அப்படிப் படிந்த விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் இழுக்கும் காற்றின் அளவு குறையும். பாரம் ஒருபக்கமாகச் சாய்வதால் பேரிங்கும் தேயும். மென்மையான தூரிகையால் துடைத்து, புதிய கேஸ்கெட்டோடு மீண்டும் பொருத்தினோம். பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைப்பது ஆபத்து. விசிறிக்கு அப்பால் புகை அழுத்தத்தோடு தள்ளப்படுவதால், அங்கே கசிவு இருந்தால் புகை வீட்டுக்குள்தான் வரும்.

இந்த அடுப்பில் ஓர் அழுத்தச் சுவிட்ச் இருக்கிறது. உள்ளே இழுப்பு மிகவும் குறைந்தால் அது ஆகரை நிறுத்திவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட எல்லையில் மட்டுமே செயல்படுகிறது. அந்த எல்லைக்குச் சற்று மேலே, இழுப்பு பாதியாகக் குறைந்திருந்தாலும், எந்தப் பிழைச் செய்தியும் வராமல் அடுப்பு வாரக்கணக்கில் புகைந்துகொண்டே ஓடும். ஆகவே திரையில் எச்சரிக்கை இல்லை என்பதை வைத்து அடுப்பு நலமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

புகைக்குழாயையும் காற்று நுழையும் குழாயையும் அதே நாளில் பார்த்தோம். குழாயின் திருப்பத்தில் உள்ள, ‘T’ எழுத்து வடிவிலான டீ இணைப்பின் அடிமூடியைக் கழற்றினால் சாம்பல் கீழே விழும். பிறகு தூரிகையை விட்டு வெளிமுனை வரை துடைக்கலாம். வெளிமுனை மூடியின் வலையில் படிந்த கரியும், காற்றுக் குழாயின் வாயில் இருந்த சிலந்திக்கூடும் சிறியவை என்றாலும் அகற்றப்பட்டன. குழாயின் வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதும் தீயைப் பாதிக்கும். பொருத்துபவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில், ஒவ்வொரு 90 பாகைத் திருப்பமும் ஒவ்வொரு டீ இணைப்பும் 5 அடி நீளக் குழாய்க்குச் சமம்; 45 பாகைத் திருப்பம் 3 அடிக்குச் சமம்; கிடையாகச் செல்லும் ஓர் அடி ஓர் அடியாகவும், மேல்நோக்கிச் செல்லும் ஓர் அடி அரை அடியாகவும் கணக்கில் சேரும். கூட்டுத்தொகை 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாய்க்குப் பதில் 4 அங்குலக் குழாய் போட வேண்டும். எங்களுடையது அந்த எல்லைக்குள் இருக்கிறது. புதிதாகப் பொருத்திய முதல் நாளிலிருந்தே தீ சோம்பலாக இருப்பவர்கள், சாம்பலைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெல்லட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் துன்பத்தில் அதற்கும் பங்கு இருந்தது. என்பிளஸ் (ENplus) ஏ1 தரச் சான்று பெற்ற பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. நீளம் 40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த எண்கள் காகிதத்தில் சிறியவையாகத் தெரியும். ஆனால் சாம்பல் 0.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமானால் கிண்ணத்திலும் பின்வழியிலும் சேரும் சாம்பல் இரட்டிப்பாகிறது. அந்த ஆண்டு நாங்கள் வாங்கிய மூட்டைகளில் சான்று எதுவும் இல்லை. பெல்லட் மங்கலாக இருந்தது, மூட்டையின் அடியில் கைப்பிடி கைப்பிடியாகத் தூள் கிடந்தது. நல்ல பெல்லட் வழுவழுப்பாக இருக்கும், ஒடித்தால் படக்கென்று ஒடியும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். தூள் அதிகமானால் தொட்டியின் அடியில் ஆகரின் வாயை அடைத்து, பெல்லட் வரத்தையும் சீரற்றதாக்கும். தொட்டியின் நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் பெல்லட் சரியாமல் சுவர்போல் நின்றால் அதற்கும் பெரும்பாலும் தூளும் நீளமான பெல்லட்டுகளுமே காரணம். முன்பு சொன்ன குட்டையான, வெளிச்சமான, அடிக்கடி அணையும் தீ இதனால் வருவது. இதற்கு மாதம் ஒருமுறை தொட்டியைக் காலியாக ஓடவிட்டு அடியில் உள்ள தூளை உறிஞ்சி எடுத்தால் போதும். எங்கள் அடுப்பின் தொட்டி செங்குத்தான சரிவோடு இருப்பதால் பெல்லட் தேங்குவது அரிது. இது இந்த அடுப்பின் நல்ல அம்சங்களில் ஒன்று.

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி மூட்டியபோது தீ பழைய வெளிர் மஞ்சளில் நிமிர்ந்தது. இருந்தாலும் வெடித்த அந்த இரவின் அச்சம் போகவில்லை. ஆகவே வேறொரு சேவையாளரை வரவழைத்துச் சரிபார்க்கச் சொன்னோம். வயதில் மூத்தவர். வந்தவுடன் கருவிப் பெட்டியைத் திறக்காமல், கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “புகை விசிறியைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?” என்று கேட்டார். போன வாரம்தான் என்றேன். “அதற்கு முன்?” என்றார். அதற்கு முன் ஒருமுறையும் இல்லை என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. மானோமீட்டர் என்ற அழுத்தமானியின் மெல்லிய குழாயை அடுப்பின் சோதனைத் துளையில் செருகி, ஒவ்வொரு வெப்ப நிலையிலும் இழுப்பை அளந்து, சேவைக் கையேட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு எழுதிக் காட்டினார். காற்றுத் தடுப்புத் தகட்டை ஒரு நூலிழை அளவுக்கு மூடினார். காற்று மிகுந்தாலும் தீ ஊதுகுழலைப்போல் சீறி, பாதி எரிந்த பெல்லட்டுகள் கிண்ணத்துக்கு வெளியே தெறிக்கும் என்று விளக்கினார். அழுத்தச் சுவிட்சுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றி அதன் முனையில் இருந்த சாம்பலையும் எடுத்தார். வேலையில் இத்தனை நிதானமும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பொறுமையும் உள்ள ஒருவரைப் பார்த்ததில் எங்களுக்கு நிறைவாக இருந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் முடிந்தவுடன் அவரையே அழைக்கிறோம். சீசன் தொடங்கும் முன் அழைப்பதைவிட முடிந்தவுடன் அழைப்பது நல்லது. கோடை முழுவதும் உள்ளே கிடக்கும் சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும், தொட்டியில் மிஞ்சிய பெல்லட்டும் ஊதி ஆகரில் இறுகும்.

காற்றுக் குறைவால் புகையும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே தீ எப்படி இருந்தாலும், அடுப்பு உள்ள தளத்திலும் படுக்கை அறைகளுக்கு அருகிலும் அதற்கான எச்சரிக்கை மணி இருக்க வேண்டும். எங்கள் அடுப்போடு அது தரப்படவில்லை, தனியாகத்தான் வாங்கினோம். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடியவற்றிலிருந்து தள்ளி வைக்கிறோம்.

அடுப்பின் மற்ற அம்சங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். சரியாக மூச்சுவிடும்போது இது தரும் சூடு சீரானது. ஆகர் ஓடும்போது வரும் மெல்லிய உறுமலுக்குச் சில நாளில் காது பழகிவிடுகிறது. மின்சாரம் போனால் விசிறியும் நின்றுவிடும், அடுப்பும் அணைந்துவிடும். நீண்ட மின்தடை ஏற்படும் இடங்களில் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. திரையும் பொத்தான்களும் தெளிவாக உள்ளன. இக்னைட்டரை இதுவரை ஒருமுறை மாற்றியிருக்கிறோம், உதிரிப்பாகம் தடையின்றிக் கிடைத்தது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அந்தப் பின்தகட்டுக்குப் பதில் பக்கக் கதவுகளும், கையேட்டில் தீயின் இரண்டு படங்களும் இருந்திருந்தால் தயங்காமல் நான்கரை தந்திருப்பேன்.

இத்தகைய அடுப்பு வாங்க எண்ணுபவர்கள், காட்சியறையில் எரிந்துகொண்டிருக்கும் அழகான தீயைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; கடையில் நிற்கும் எல்லா அடுப்பிலும் தீ அழகாகத்தான் இருக்கும். அணைந்திருக்கும் ஒன்றைக் காட்டச் சொல்லி, எரிகிண்ணத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிறகு புகை போகும் வழியை உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை திருகாணிகள், எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்று கவனியுங்கள். விற்பவரே திறக்கத் தடுமாறினால், மூன்றாவது குளிர்காலத்தில் நீங்களும் அங்கேதான் தடுமாறுவீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கிண்ணத்தைத் தினமும் காலையில் சுரண்டுகிறோம், வாரம் ஒருமுறை துளைகளை வெளிச்சத்தில் பார்க்கிறோம், ஒரு டன் பெல்லட் எரிந்ததும் பின்தகட்டைக் கழற்றுகிறோம். அந்தத் திருகாணிகளுக்குப் பதில் கையால் திருகும் காதுத் திருகாணிகளைப் போட்டுவிட்டதால் அந்த வேலை எளிதாகிவிட்டது. இன்று காலை கண்ணாடியைத் துடைத்தபோது துணியில் ஒட்டியது வெளிர் சாம்பல் நிறத் தூள் மட்டுமே, கரி இல்லை.